சொந்தக் காரில் முதல் டிராக் டே: போகுமுன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்

ஆபீஸுக்கும் ஊருக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விஃப்ட்டையோ போலோவையோ, டிராக் டே அன்று (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்க விடும் நாள்), ரேஸ் டிராக்கில் இறக்கலாமா? தாராளமாக இறக்கலாம். அதற்காக எஞ்சினில் கைவைக்க வேண்டாம், சைலன்சரை மாற்ற வேண்டாம், பெரிய வீல் போட வேண்டாம். கம்பெனி கொடுத்த பவரே முதல் தடவைக்கு மிச்சம். வண்டி திணறப்போவது சூட்டில். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் முக்கால்வாசி அந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான்.

கணக்குப் போட்டால் விளங்கும். ஓட்டுபவரோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள கார், ஊருக்குள் 60 கி.மீ. வேகத்திலிருந்து சிக்னலில் வந்து நிற்கும்போது பிரேக் விழுங்குவது சுமார் 150 கிலோ ஜூல். அதே கார் டிராக்கின் நேர்பாதை முடிவில் 150-லிருந்து 70-க்கு இறங்கும்போது விழுங்குவது சுமார் 750 கிலோ ஜூல். ஐந்து மடங்கு. சிக்னலிலாவது ஒரு நிமிடம் நின்று ஆறும். இங்கே மூச்சு விடுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அந்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாக மாறி, பெரும்பங்கு முன்சக்கர பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) இரண்டின் தலையில் விழும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பலருக்கும் பழகிய இடங்கள் இரண்டு. ஒன்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். எம்எம்ஆர்டி என்ற பழைய பெயரில்தான் இன்னும் பாதிப்பேர் சொல்வார்கள். 1990-இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கி.மீ., 12 திருப்பங்கள். மற்றது கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனின் பெயரைத் தாங்கிய இடம். சுற்று சுமார் 2.1 கி.மீ. சின்ன டிராக்தானே, வண்டிக்கு வேலை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். நேர்பாதை குட்டையானால் பிரேக் காற்று வாங்கும் நேரமும் குட்டைதான்.

இன்ஷூரன்ஸ் பற்றி முதலிலேயே

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. நேரம் எடுத்துப் பரிசு கொடுக்க மாட்டார்கள். முந்துவது நடத்துபவர்கள் சொன்ன நேர்பாதையில் மட்டும்தான், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழி விட்ட பிறகு. ஆனால் இந்த வித்தியாசத்தை உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி ஜெயிக்க முடியாது. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில், எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியில், ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்டிருக்கும். பம்பர் டூ பம்பர் போட்டிருந்தாலும் இதே கதைதான். டிராக்கின் கேட்டுக்குள் நுழைந்தால் சேதம் முழுக்க உங்கள் கைக்காசு என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னும் 40 மாதம் லோன் பாக்கி இருக்கும் காரை எவ்வளவு விரட்டுவது என்பது அவரவர் முடிவு.

மூன்று வாரம் முன்பு: லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது

கடைசி வாரத்தில் பார்த்தால் பார்ட்ஸ் வந்து சேராது. அதனால் இப்போதே வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைச் சந்தேகப்படலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் போயிருந்தால் காதுக்குக் கேட்கும் முன்பே கையில் நறநறவென்று தெரியும்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஈரம், ஆக்ஸில் ரப்பர் உறையில் கிழிசல், ஆயில் பில்டர் ஓரத்தில் கசிவு — இவற்றில் ஒன்று இருந்தாலும் சரிசெய்யாமல் போகக்கூடாது. சாலையில் ஒரு சொட்டு ஆயில் யாருக்கும் தெரியாது. டிராக்கில் அது பின்னால் வருகிற காரைச் சுழற்றிவிடும். செஷனை (ஒரு தடவை டிராக்குக்குள் விட்டு ஓட்டும் நேரம்) நிறுத்திவிட்டுத் தரையைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். அன்றைக்கு உங்கள் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பேட்டரியின் பிடிமானக் கிளாம்ப்பையும் ஆட்டிப் பாருங்கள். பேட்டரி மாற்றிய கடையில் அந்த ஒரு போல்டைப் போடாமல் விடுவது சகஜம்.

பிரேக் ஆயில்

மொத்தத் தயாரிப்பில் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை இதில் போடுங்கள்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதன் குணம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடி வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் சேரும். கடற்கரை ஊர்க் காற்றில் இது இன்னும் சுருக்காக நடக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு குறைந்தது 155. டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. மூன்று வருடமாக மாற்றாத ஆயில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஊருக்குள் ஓட்டும்வரை அந்த 155 போதும், குறையே தெரியாது. டிராக்கில் நாலாவது சுற்றில் தெரியும்.

அப்போது நடப்பது இது. டிஸ்கின் இரு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டைகளை வைத்து அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி கிளம்புகிறது. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். நீங்கள் பெடலில் கொடுக்கும் அழுத்தம் பேடுக்குப் போகாமல் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கித் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் பெடலை விட்டு விட்டு வேகமாக இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கொஞ்சம் பிரேக் திரும்பும். அதை வைத்து வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் இடம்) வந்துவிட வேண்டும்.

என்ன வாங்குவது? புதுசாக உடைத்த நல்ல டாட் 4 முதல் நாளுக்குப் போதும். மனத்திருப்தி வேண்டுமென்றால் ரேஸிங் டாட் 4 வாங்கலாம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றவற்றின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். ஆனால் ரேஸிங் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். இரண்டு வருடம் விட்டுவைக்கிற சரக்கு இல்லை அது. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று உங்கள் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள், கிளைக்காலோடு கலக்காது. சிறிய காருக்கு முழுசாக மாற்ற ஒரு லிட்டர் கையில் இருந்தால் நிம்மதி. பாதி மிஞ்சியதை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்ற வேண்டாம், மூடி திறந்த நாளிலிருந்தே அது ஈரம் குடிக்க ஆரம்பித்திருக்கும்.

மாற்றும் முறை, இரண்டு ஆள் வேலை:

1. பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுசை மேக்ஸ் கோடு வரை ஊற்றுங்கள். பழசை அப்படியே குழாய் வழியாகத் தள்ளுவது வீண் வேலை.

2. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது மேனுவலில் இருக்கும். பல வண்டிகளில் டப்பாவிலிருந்து தூரமாக இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, பக்கத்தில் இருக்கும் முன்சக்கரத்தில் முடிப்பார்கள்.

3. காலிப்பர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிறகு தெளிவான பிளாஸ்டிக் டியூபைச் சொருகி, டியூபின் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்கி வையுங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், நிப்பிளின் முனை மழுங்கிவிடும்.

4. உள்ளே உட்கார்ந்திருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, பெடல் இறங்கி முடிவதற்குள் இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகுதான் பெடலை விட வேண்டும். "பிடி", "விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். சைகையில் செய்யப்போய்த்தான் காற்று உள்ளே போகிறது.

5. டியூபில் நிறம் மாறி, குமிழி நிற்கும்வரை தொடருங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் இல்லாமல் வெளியே வராத வண்டிகள் உண்டு.

பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஓர் அங்குலக் கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். தினசரி மிதிக்கும் ஆழத்தைத் தாண்டி மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் சிலிண்டர்) ரப்பர் இறங்கினால், அங்கே படிந்திருக்கும் அழுக்கிலும் துருவிலும் உரசிக் கிழிந்துபோகும். நல்ல பிரேக்கைச் சர்வீஸ் செய்யப்போய்க் கெடுத்துக்கொண்ட கதை பெரும்பாலும் இதுதான். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம்.

பேடும் டிஸ்கும்

பேடில் பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும். இன்னும் 5,000 கி.மீ. ஓடும் என்று சர்வீஸில் சொன்ன பேட், டிராக்கில் ஒரே மதியத்தில் இரும்புக்கு வந்துவிடும். தவிர, மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்கு அனுப்பும். மேலே சொன்ன கொதிப்பு இன்னும் சீக்கிரம் வரும். டிஸ்கின் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழுந்திருந்தால், அதன் குறைந்தபட்சக் கனம் டிஸ்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

பேட் சூடேறித் தோற்பதும் ஆயில் கொதிப்பதும் வேறு வேறு. கால் அதைச் சொல்லும். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு சுற்று மெதுவாகப் போனால் திரும்பிவிடும். பெடல் பஞ்சாகிவிட்டால் அது ஆயில். அன்றைக்கு மீண்டும் ஏர் எடுக்காமல் (மேலே சொன்னபடி நிப்பிள் வழியாகக் குமிழியை வெளியேற்றாமல்) வேகமாக ஓட்டக்கூடாது.

முழு ரேஸ் பேட் முதல் நாளுக்கு வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது அது பிடிக்காது, வீட்டுத் தெருமுனையில் முதல் பிரேக்கிலேயே பயமுறுத்தும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான வகை கிடைத்தால் அதைப் போடலாம்; இல்லையென்றால் புது ஒரிஜினல் பேடே போதும். எதைப் போட்டாலும் டிராக்குக்கு முன்பே பழக்கிவிட வேண்டும். காலியான சாலையில் 80-லிருந்து 20-க்கு, முழுக்க நிற்காமல், எட்டுப் பத்து முறை அழுத்தமாகக் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிறம் படிந்திருந்தால் சரியாகப் பழகிவிட்டது.

டயரும் காற்றும்

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டிய டயரோடு, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) நன்றாக இருந்தாலும், போக வேண்டாம், ரப்பர் காய்ந்திருக்கும். வேக எழுத்தையும் பாருங்கள்: டி 190 கி.மீ., எச் 210, வி 240. பக்கவாட்டில் வீக்கம், வெட்டு, பஞ்சர் ஒட்டிய இடம் தோள்பட்டையில் (பட்டனும் பக்கவாட்டும் சேரும் ஓரம்) இருப்பது — இவை இருந்தால் மாற்றுங்கள்.

ஆச்சரியமாக இருக்கும், ஆனால் டிராக்குக்குப் புத்தம் புது டயரைவிடப் பாதி தேய்ந்தது நல்லது. முழு உயரப் பட்டன் திருப்பத்தில் ரப்பர் அழிப்பான் மாதிரி நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்யும். நான்கைந்து மில்லிமீட்டர் மிச்சம் இருப்பது நெளியாது. மழை வந்தால் மட்டும் நிலைமை தலைகீழ்.

காற்றுக்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் ஒன்று, டயர் கடையில் ஒன்று என்று அளந்தால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டும், நமக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் கதவு ஓரத்து ஸ்டிக்கர் சொல்கிறபடி 32 வைத்துக்கொண்டு போனால், முதல் செஷன் முடிந்து வரும்போது 39 காட்டும். பிட்டுக்கு வந்த இரண்டு நிமிடத்துக்குள் அளந்து, சூடாக இருக்கும்போதே 35-க்கு இறக்குங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் இதையே செய்யுங்கள்.

இந்த 35 தொடக்கப்புள்ளிதான். சரியான எண்ணை டயரே சொல்லும். தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் அருகே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய் வாருங்கள். சாக்பீஸ் முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் புரண்டு பக்கவாட்டில் ஓடுகிறது, இரண்டு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு வராமல் நின்றுவிட்டால் இரண்டு இறக்கலாம். முன்சக்கர டிரைவ் வண்டிகளில் முன்பக்க வெளித்தோள்தான் அடி வாங்கும். நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். ஏர் கன்னால் இறுக்கிய நட்டை நம்ப வேண்டாம்: ஒன்று லூசாக இருக்கும், இல்லையென்றால் போல்ட் இழுபட்டிருக்கும். நட்சத்திர வரிசையில், இரண்டு தவணையாக. முதல் செஷனுக்குப் பிறகு வீல் ஆறியதும் மறுபடி ஒருமுறை. பிளாஸ்டிக் வீல் கப் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், டிராக்கில் அது தட்டு மாதிரி பறக்கும்.

எஞ்சினும் கூலன்ட்டும்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். ஆயில் மாற்றிப் பாதி கெடு தாண்டியிருந்தால், மேனுவலில் சொன்ன கிரேடில் புதுசாக மாற்றிவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் மேக்ஸ் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக்கூடாது. குறைந்தால் நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். அதிகமானால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும்.

கூலன்ட்டை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் தூசும் அடைத்திருக்கும். தண்ணீரை மெதுவாகப் பின்பக்கத்திலிருந்து அடித்துக் கழுவலாம். ஹோஸை அழுத்திப் பார்த்தால் உள்ளே நொறநொறவென்று வெடித்த உணர்வு வந்தால் அதையும் மாற்ற வேண்டும். டிராக்கில் ஏசியை நிறுத்திவிடுங்கள். ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, தன் சூட்டையும் அதன்மேல் ஊதும். ஓடும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, கியரை ஒன்று கூட்டி, மெதுவாக பிட்டுக்கு வாருங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் ஹெட் தப்பிக்கும்.

பெட்ரோல் கணக்கு: 20 நிமிட செஷனில் புதியவர் எட்டுச் சுற்று போவார், இருங்காட்டுக்கோட்டையில் அது 30 கி.மீ. லிட்டருக்கு ஐந்து கி.மீ. கிடைத்தால் பெரிது. ஆக, செஷனுக்கு ஆறு லிட்டர். நாலு செஷனுக்கு 24. கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள், திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் வெட்டும்.

முந்தைய நாள் மாலை: வண்டியைக் காலி செய்வது

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, அரிசி மூட்டை, கிரிக்கெட் மட்டை எல்லாம் வெளியே. ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஸ்பேனரும் பிட்டுக்கு வர வேண்டும், டிராக்குக்குள் வரக்கூடாது. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுங்கள். அங்கே உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில் முதல் பிரேக்கிலேயே பெடலுக்கு அடியில் வந்து உட்காரும், பிறகு பிரேக் இறங்காது. ஓட்டுநர் பக்கத்து மேட் கட்டாயம் வெளியே.

டாஷ்போர்டு பிள்ளையாரைக் கழற்றிப் பையில் வைப்பது தெய்வக் குற்றம் ஆகாது. பானெட் சூட்டில் டபுள் டேப்பின் பசை இளகி, வலப்பக்கத் திருப்பத்தில் அவர் இடப்பக்க ஜன்னலுக்குப் போவார். கண்ணாடியில் தொங்கும் மாலை, மணி, சென்ட் பாட்டிலும் அப்படியே. முன்பம்பரில் கட்டிய எலுமிச்சை மிளகாயையும் எடுத்துவிடுங்கள்.

இழுவைக் கொக்கியை ஸ்டெப்னிக் குழியிலிருந்து எடுத்து, பம்பர் மூடியைத் திறந்து மாட்டிப் பாருங்கள். போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். வண்டி மண்ணில் இறங்கிச் சிக்கிய பிறகு கொக்கி எங்கே என்று தேடினால், கயிறு கட்ட இடமில்லாமல் சஸ்பென்ஷன் ஆர்மில் கட்டி இழுப்பார்கள். சேதம் அதில்தான் ஆகும்.

உங்களுக்கு: ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், பருத்தியில் முழுக்கை சட்டை, பேன்ட், அடி மெல்லிய ஷூ. பாலியெஸ்டர் ஜெர்சி வேண்டாம், தீயில் உருகித் தோலில் ஒட்டும். எந்த ஹெல்மெட் செல்லும் என்பதை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தும் பாருங்கள். கூரையில் இடித்தால் சீட்டை இறக்க வேண்டும். முதுகு சீட்டை விட்டு எழாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஊருக்குள் ஓட்டும்போது நாம் எல்லோரும் இதைவிட ஒரு சாண் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அன்றைக்கு

காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். கொடிகளை அங்கே சொல்வார்கள். குறைந்தது இவை மனதில் இருக்கட்டும். மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: செஷன் நின்றது, மெதுவாக பிட்டுக்கு வா. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தரை வழுக்கும். உங்களை நோக்கிக் கறுப்பு என்றால் என்ன தவறு செய்தீர்கள் என்பதை பிட்டில் சொல்வார்கள்.

ஈஎஸ்பியை (வண்டி சறுக்காமல் தானாகக் காக்கும் ஏற்பாடு) அணைக்க வேண்டாம். முதல் சுற்று டயருக்கும் ஆயிலுக்கும் சூடேற்ற. இரண்டாவது பாதை பார்க்க. பிறகு மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற, மறுபடி இரண்டு. பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். அதைவிட முக்கியம், சுருக்காகவும் அழுத்தமாகவும் மிதிப்பது. இறக்கத்தில் பழகிய மாதிரி மெல்ல, நீளமாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் பேட் டிஸ்கோடு ஒட்டியிருக்கும் நேரம் கூடும், காற்று வாங்கும் நேரம் குறையும்.

மேனுவல் கியரில் எஞ்சின் போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: ஐந்திலிருந்து நாலுக்குப் போட நினைத்துப் பதற்றத்தில் இரண்டு விழுந்துவிடும். ஆக்ஸிலரேட்டரால் ஆர்.பி.எம். ஏறினால் லிமிட்டர் தடுக்கும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றினால் தடுக்க ஆளில்லை, வால்வு பிஸ்டனில் மோதும். பிரேக் பிடித்து வேகம் இறங்கிய பிறகு, உள்ளங்கையால் தள்ளிப் போடுங்கள். லீவரை இறுக்கிப் பிடித்துத் திருகாதீர்கள்.

கடைசிச் சுற்றில் கூடுமானவரை பிரேக்கே தொடாமல் வாருங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, பெடலிலும் கால் இருக்கக்கூடாது. முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டர்போ வண்டியை இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். பிரேக்கில் மீன் கருகுவது போல ஒரு நாற்றம் வரும், புது பேடில் அது சகஜம். புகை வந்தால் மட்டும் மறுபடி மெதுவாக ஒரு சுற்று போய் ஆற்றுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிக்கும். நீங்களும் தண்ணீர் குடியுங்கள், உப்பு போட்ட மோர் இன்னும் நல்லது. மதியச் செஷன்களில் சறுக்குவதில் பாதி, ஓட்டுபவரின் தலை சூடானதால்.

வீடு திரும்பும்போது

காற்றை மறந்துவிடாதீர்கள். சூட்டில் 35-க்கு இறக்கிய டயர், மாலையில் ஆறியதும் 29 காட்டும். அதே காற்றில் குடும்பத்தையும் ஸ்டெப்னியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 100-இல் போகக்கூடாது; பங்கில் 32-க்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். நட்டுகளை ஒருமுறை, ஆயில் அளவை ஒருமுறை பாருங்கள். கேட்டுக்கு வெளியே முதல் பத்து கி.மீ. வேகமானியைப் பார்த்தே ஓட்டுங்கள்: நாள் முழுக்க டிராக்கில் பழகிய கண்ணுக்கு 90 நகர்வதே தெரியாது.

அடுத்த வாரம் பேட் கனத்தை அளந்து, பெடல் கொஞ்சமாவது இளகியிருந்தால் மறுபடி ஏர் எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், டிஸ்க் கோணிவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்வார்கள். உடனே காசு கொடுத்துவிட வேண்டாம். சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தியதில் அதன் பொருள் டிஸ்கில் திட்டாகப் படிந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். முன்பு சொன்னபடி 80-லிருந்து 20-க்குப் பத்து முறை குறைத்துப் பாருங்கள். நடுக்கம் போகவில்லையென்றால் டிஸ்கை லேத்தில் ஒரு வெட்டு எடுக்கலாம், பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாத வரை.